மரம் காத்த மங்கையரும் மலை கற்பிக்கும் பாடமும்



ஓரறிவுயிர் முதலாக எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை அறம் என்று இளமை முதற்கொண்டே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு மரத்தை வீணே வெட்டுதல் தகாது என்பதை நம் இல்லங்களில் எவரும் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் சில வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. நாம் வெட்டாதிருத்தல் மட்டும் போதுமா? பிறர் வெட்ட வரும்போது குறுக்கே நின்று தடுப்பவர் யார்? அவ்வாறு தடுத்தவர்க்குப் பின்னாளில் நேர்வது யாது? இவற்றுக்கு விடை காண, இமயமலைச் சாரலில் உள்ள ரைணி என்னும் சிற்றூரின் வரலாற்றை இவ்விதழில் பாடமாகக் கொள்வோம்.

இக்காலத்தில் 'காலநிலை நீதி' என்னும் சொற்றொடர் பெரிதும் வழங்கி வருகிறது. அதன் பொருளை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நலம். புவி வெப்பமடைவதால் விளையும் கேடு எல்லார்க்கும் ஒரே அளவாக வருவதில்லை. அதனை மிகுதியாக விளைத்தவர் ஒரு சாரார். மிகுதியாகச் சுமப்பவர் வேறொரு சாரார். ஆதலின் காலநிலை நீதியை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புவர். கேட்டை விளைத்தவர் யார்? அதனைச் சுமப்பவர் யார்? ஒரு மலையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? இவற்றுள் மூன்றாம் வினாவே முதன்மையானது என்பது ரைணி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1. ஊரும் மக்களும்

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமடத்திலிருந்து மலாரிக்குச் செல்லும் சாலையில், ரிஷிகங்கை தௌலிகங்கையோடு கலக்கும் இடத்தருகே ரைணி அமைந்துள்ளது. 2000-ஆம் ஆண்டு வரை இப்பகுதி உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்தது. இங்கு வாழ்வோர் போட்டியா எனப்படும் மலைவாழ் மக்கள். திபெத்தோடு கம்பளியும் உப்பும் தானியமும் மாற்றி வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். 1962-இல் நிகழ்ந்த இந்திய - சீனப் போருக்குப்பின் எல்லை அடைபட்டது, வணிகமும் நின்றது. ஆடு மேய்த்தலும், படிக்கட்டு வயல்களில் பயிரிடுதலும், காட்டிலிருந்து விறகும் தழையும் மூலிகையும் கொணர்தலுமே பிழைப்பாயின. ஆடவர் கூலி வேலை தேடி வெளியூர் சென்றபோது, காட்டை அன்றாடம் நாடிச் சென்றவர்கள் பெண்களே. ஊற்று வற்றினாலும், விறகு தொலைவுக்குச் சென்றாலும், முதலில் வருந்துவது அவர்தம் முதுகேயாகும்.

2. 1970-ஆம் ஆண்டு வெள்ளம்

1970 ஜூலையில் அலகநந்தா ஆற்றில் பெருவெள்ளம் பெருக்கெடுத்தது. பாலங்களும் பேருந்துகளும் அடித்துச் செல்லப்பட்டன. பேலாகூச்சி என்னும் சிற்றூரின் கடைத்தெரு முழுவதும் ஆற்றோடு போயிற்று. வெள்ளம் சுமந்து வந்த வண்டல், தொலைவிலுள்ள ஹரித்துவாரத்தில் கங்கைக் கால்வாயை அடைத்தது.

அப்போது கோபேஷ்வர் நகரில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் என்னும் சர்வோதய அமைப்பு இயங்கி வந்தது. சண்டி பிரசாத் பட் என்பார் 1964-இல் தொடங்கிய அமைப்பு அது. வெள்ள நிவாரணத்துக்குச் சென்ற அதன் தொண்டர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். மேற்சரிவுகளில் காடு அழிக்கப்பட்ட இடங்களிலேயே மண்சரிவு மிகுந்திருந்தது. வேர் பற்றிய மண் நிலைத்தது. வேர் இழந்த மண் சரிந்தது. ஊரார் கண்ணால் கண்டறிந்த இவ்வுண்மையைப் பின்னர் அறிஞர் குழுவும் ஒப்புக்கொண்டது.

3. நுகத்தடியும் பந்தாட்ட மட்டையும்

அம்மலைகளில் 'அங்கு' என்னும் மரம் வளர்கிறது. இலேசானது, வலிவுடையது. மலைவாழ் உழவர் தலைமுறை தலைமுறையாக அதனைக் கொண்டே நுகத்தடி செய்து வந்தனர். 1973-ஆம் ஆண்டில் உழவுக் கருவிகள் செய்யச் சில அங்கு மரங்களைத் தருமாறு தசோலி சங்கத்தார் வேண்டினர், வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரங்களைச் சமவெளியிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வெட்டிக்கொள்ள இசைவளித்தது. உழவனுக்கு நுகத்தடிக்கு இல்லாத மரம், பந்தாட்ட மட்டைக்கு இருந்தது!

இவ்விடத்தில்தான் இயக்கம் பிறந்தது. வெட்ட வருவோரை அடிப்பதில்லை. மரத்தைத் தழுவி நிற்போம். கோடரி முதலில் நம்மீது விழட்டும் என்று முடிவு செய்தனர். 'சிப்கோ' என்னும் இந்திச் சொல்லுக்கு ஒட்டிக்கொள், தழுவிக்கொள் என்பது பொருள். 1973 ஏப்ரலில் மண்டல் என்னும் இடத்தில் ஊரார் திரண்டு வரவே, வெட்ட வந்தோர் வெறுங்கையோடு திரும்பினர். அவ்வாண்டே கேதார்நாத் பள்ளத்தாக்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

4. 1974 மார்ச் 26

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரைணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டன. சண்டி பிரசாத் பட்டும், அப்பகுதித் தலைவர் கோவிந்த் சிங் ராவத்தும் ஊர்தோறும் சென்று மக்களை விழிப்புறச் செய்தனர். எதிர்ப்பு வலுத்தது.

மார்ச் 26 அன்று ஊரின் ஆடவர் அனைவரும் சமோலிக்குச் சென்றிருந்தனர். 1962-க்குப் பின் இராணுவத்துக்காக எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு அன்று இழப்பீடு தரப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வனத்துறை அலுவலர் வந்திருந்தமையால் தசோலி சங்கத் தொண்டர்களும் கோபேஷ்வரில் இருக்க நேர்ந்தது. ஊரில் பெண்களும் குழந்தைகளுமே எஞ்சினர். அந்நாளில் மரம் வெட்டுவோர் வந்து இறங்கினர்.

அவர்களைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிச் சென்று கௌரா தேவி அம்மையாரிடம் கூறினாள். 1925-இல் அருகிலுள்ள லாதா என்னும் ஊரில் பிறந்தவர் அவர். இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். பள்ளிக் கல்வி பெறாதவர். ஊர் மகளிர் மன்றத்தின் தலைவி. அவர் இருபத்தேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு காட்டை நோக்கி நடந்தார். இக்காடு எங்கள் பிறந்த வீடு. இதனை வெட்டினால் மலை சரிந்து எங்கள் ஊர்மேல் விழும் என்னும் கருத்துப்பட முதலில் பணிவோடு எடுத்துரைத்தார். வந்தவர்கள் இகழ்ந்தனர், ஒருவன் துப்பாக்கியைக் காட்டி அச்சுறுத்தினான் என்பது அப்பெண்கள் பின்னர் கூறிய செய்தி. பெண்கள் நகரவில்லை. இரவெல்லாம் காட்டு வழியில் காவல் இருந்தனர். மண்சரிந்த இடத்தைக் கடப்பதற்கென இடப்பட்டிருந்த சிமெண்ட் பலகையைப் பெயர்த்துத் தள்ளி வழியை அடைத்தனர். எவர் மேலும் ஒரு கல்லும் எறியவில்லை. வந்தவர்கள் சென்றனர், மரங்கள் நின்றன.

அகிம்சை என்பது ஒதுங்கியிருத்தல் என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று என்பதற்கு இவ்விரவே சான்று. தாம் துன்பத்தை ஏற்று, பிறர்க்குத் துன்பம் செய்யாது, தீமைக்கு இடங்கொடாது நிற்றல் எளிதன்று. அதற்கு மனத்திண்மை வேண்டும். அருகில் நிற்கத் துணையும் வேண்டும்.

5. வெற்றியும் அதன் குறையும்

மாநில அரசு தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1976-இல் குழு அறிக்கை அளித்தது. ரைணிக் காட்டிலும், அலகநந்தாவின் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பிலும் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடை செய்யப்பட்டது. பின்னர் சுந்தர்லால் பகுகுணாவின் நடைப்பயணங்களும் உண்ணாநோன்பும் நாடெங்கும் கவனத்தை ஈர்க்கவே, உத்தரப் பிரதேச மலைப்பகுதியில் 1,000 மீட்டருக்கு மேல் வணிகத்துக்காகப் பசுமரம் வெட்டுதல் பதினைந்து ஆண்டுகளுக்குத் தடுக்கப்பட்டது. 1983-இல் கருநாடக மாநிலம் சிர்சிப் பகுதியில் 'அப்பிக்கோ' என்னும் பெயரில் இவ்வியக்கம் தெற்கிலும் தழைத்தது. சண்டி பிரசாத் பட்டுக்கு 1982-இல் மகசேசே விருது கிடைத்தது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. மரம் காக்கப்பட்டது, ஆயின் அதனைக் காத்த மக்களின் உரிமை காக்கப்பட்டதா? 1982-இல் ரைணி, லாதா ஆகிய ஊர்களுக்கு மேலேயுள்ள நந்தாதேவிப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. உயிரினங்களுக்கு அது நன்மையே. ஆனால் மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் மலையேறுவோர்க்குச் சுமை தூக்கும் வேலைக்கும் அம்மக்கள் சென்றுவந்த வழி அடைபட்டது. காட்டைக் காத்தவர்களே காட்டுக்கு அயலாராயினர். கௌரா தேவி அம்மையார் 1991-இல் காலமானார். 1998-இல் லாதா, ரைணி மக்கள் தம் பழைய உரிமையைக் கோரிப் பூங்காவினுள் அறப்பயணம் சென்றனர். 2001 அக்டோபரில் லாதாவில் கூடி, மலையைக் கெடுக்காத சுற்றுலாவை ஊராரே நடத்துவது குறித்துச் சாசனம் ஒன்றையும் இயற்றினர். காப்பதும் நாங்களே, முடிவில் பங்கு கொள்வதும் நாங்களே என்பதே அவர்தம் கோரிக்கை. அதனை எவரும் முழுமையாகச் செவிமடுக்கவில்லை.

6. 2021 பிப்ரவரி 7

காலம் உருண்டோடியது. ரைணியின் அருகிலேயே ரிஷிகங்கையில் 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம் எழுந்தது. சற்றுக் கீழே தபோவனத்தில் 520 மெகாவாட் திட்டத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதும், இடிபாடுகளை ஆற்றங்கரையில் கொட்டுவதும் கேடு என்று ரைணியைச் சேர்ந்தவர்கள் 2019-இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றத்தில் முறையிட்டனர்.

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ரோந்தி மலைமுகட்டிலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து, 1,800 மீட்டர் ஆழத்துக்கு வீழ்ந்தன. வீழ்ச்சியின் வெப்பத்தால் பனி உருகிச் சேறும் கல்லும் நீருமாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ரிஷிகங்கை மின்நிலையம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. ரைணிப் பாலம் அடித்துச் செல்லப்பட, அப்பாலிருந்த ஊர்கள் துண்டிக்கப்பட்டன. தபோவனச் சுரங்கத்தில் தொழிலாளர் சிக்கினர். 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுள் பெரும்பாலோர் அத்திட்டங்களில் பணிபுரிந்த தொழிலாளர்.

இதற்குக் காரணம் யாது? ஒரு தனி நிகழ்ச்சியை வெப்பமயமாதலின் விளைவு என்று அறுதியிட்டுரைத்தல் அரிது என்றே அறிஞர் கூறினர். ஆயினும் உயர்மலைப் பாறைகளின் பிளவுகளில் ஆண்டாண்டாக உறைந்து கிடக்கும் பனி, பசைபோல் அவற்றைப் பிணைத்து நிற்கிறது. வெப்பம் ஏற அப்பிணைப்பு தளர்கிறது. பனியாறு சுருங்கும்போது சரிவுகள் தாங்குதலின்றி நிற்கின்றன. எனவே இத்தகைய வீழ்ச்சிகள் பெருகும் வாய்ப்பு மிகுதி. இமயமும் இந்துகுஷ் மலையும் சேர்ந்த பகுதியில் 2011 முதல் 2020 வரை பனியாறுகள் முந்தைய பத்தாண்டினும் 65 விழுக்காடு விரைவாகக் கரைந்தன என்று காத்மாண்டுவிலுள்ள பன்னாட்டு மலை மேம்பாட்டு மையம் 2023-இல் அறிவித்தது. மலையின் வீழ்ச்சியைத் தடுத்தல் மனிதரால் ஆகாது. ஆனால் அதன் பாதையில் கட்டடங்களையும் தொழிலாளரையும் நிறுத்தியது மனிதர் செய்த முடிவேயன்றோ?

அவ்வாண்டு ஜூலையில், இரு திட்டங்களுக்கும் தரப்பட்ட இசைவை நீக்கக் கோரி ரைணியைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஐவர் தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்களுடைய பொதுநல நோக்கத்தை ஐயுற்று, ஒவ்வொருவர்க்கும் 10,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மழையால் ஊரின் நிலம் பிளந்து சாலை சரிந்தபோது, கௌரா தேவியின் நினைவுச் சின்னமும் தன் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. தங்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு ஊரார் வேண்டி நின்றனர். பிறந்த வீடு என்று எந்தக் காட்டைத் தழுவினரோ, அக்காட்டின் நிழலிலேயே வாழ இடமின்றிப் போகும் நிலை வந்தது.

7. வினை ஒருவருடையது, பயன் வேறொருவருக்கு

செய்தவனே அதன் பயனை நுகர்வான் என்பது நாம் அறிந்த நெறி. புவி வெப்பமடைதலில் கண்கூடாக நிகழ்வதோ அதற்கு மாறானது. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் இருநூறாண்டுகளாக மிகுதியாக எரித்த நாடுகளே இதற்குப் பெரும் பொறுப்புடையன. இன்றும் சராசரி அமெரிக்கர் ஒருவர் வெளியிடும் அளவு, சராசரி இந்தியர் வெளியிடுவதைப்போல் ஆறேழு மடங்காகும். இந்தியருள்ளும் விறகு சுமக்கும் மலைப்பெண்ணின் பங்கு மிகச் சிறிது. அவள் விளைக்காத வெப்பத்தின் விளைவு அவள் தலைமேல் இறங்குகிறது.

மற்றொன்றும் உண்டு. நீர்மின் திட்டங்கள் கரியமில வாயுவைக் குறைக்கும் தூய மின்சாரம் தருவன என்று போற்றப்படுகின்றன. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் உலகின் நன்மைக்காகச் செய்யும் மாற்றத்தின் சுமையையும் அதே மலைமக்கள் மேல் ஏற்றுவது முறையாகுமா? வெப்பமயமாதலாலும் இழப்பு, அதற்கு மருந்தென்று சொல்லப்படுவதாலும் இழப்பு என்றால், அவர்கள் இருமுறை தண்டிக்கப்படுகின்றனர்.

இந்நெறி உலக அரங்கிலும் மெல்ல ஏற்கப்பட்டு வருகிறது. 1992-இல் ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்று வகுத்தது. 2022-இல் எகிப்தில் கூடிய மாநாடு, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளின் இழப்புக்கென நிதியம் அமைக்க இசைந்தது. 2024 மார்ச்சில் நம் உச்சநீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழ்தல் அரசியலமைப்பு தரும் உரிமைகளில் அடங்கும் என்று கூறியது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் 2019-இல் தொடங்கிய முயற்சி, 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்துரையாகக் கனிந்தது; காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை என அது உரைத்தது. சிறியோர் தொடங்கியதும் பெரியதாகலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

8. கேட்கப்பட்ட மக்கள்

மக்களிடம் கேட்டு முடிவு செய்தால் யாது நிகழும்? அதற்கும் நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தாது தோண்ட முற்பட்டபோது, அம்மலையைத் தெய்வமாக வழிபடும் டோங்கிரியா கோந்த் மக்கள் எதிர்த்தனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி அவ்வூர்ச் சபைகளிடமே கேட்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டா என்றன. மத்திய அரசும் 2014-இல் இசைவு மறுத்தது. ரைணிப் பெண்கள் உடலால் தடுத்ததை, நியம்கிரி மக்கள் சபையில் கைதூக்கித் தடுத்தனர். முன்னதற்கு வீரம் வேண்டியிருந்தது. பின்னதற்கு உரிமை போதுமாயிருந்தது. எல்லா ஊரிலும் ஒரு கௌரா தேவி பிறப்பார் என்று காத்திருத்தல் இயலாது. ஆதலின் உரிமையை நிலைநாட்டுதலே நெடுநாள் காவலாகும்.

9. நாம் கடைப்பிடிக்கத்தக்கன

இப்பாடம் இமயத்தோடு நின்றுவிடின் பயனில்லை. இல்லறத்தார் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, ஊர்ச் சபையில் கலந்துகொள்ளுதல். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுவதென 2022 முதல் வகுக்கப்பட்டுள்ளது. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் பற்றிப் பேசும் இடம் அதுவே. பெண்கள் முன்வரிசையில் அமர்தல் வேண்டும்.

இரண்டாவது, அறிந்து பேசுதல். பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ வருமாயின், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, அதற்குட்பட்ட திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்படும். குறைந்தது முப்பது நாட்களுக்கு முன் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதனைப் படித்து எழுத்தால் கருத்துரைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களைக் கேட்டுப் பெற உதவும். 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்னக அமர்வு சென்னையிலேயே உள்ளது.

மூன்றாவது, அளவறிந்து வாழ்தல். பொருளுக்கு வரையறை வகுத்துக்கொள்ளும் நோன்பு நமக்குப் புதிதன்று. மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் அவ்வரையறையை விரித்துக் கொள்வோம். எங்கோ ஒரு மலையின் சுமை அந்த அளவேனும் குறையும்.

நான்காவது, தனித்து நிற்பவர்க்குத் துணை நிற்றல். நம் ஊரில் ஒருவர் நீர்நிலைக்காகக் குரல் கொடுத்து ஏளனத்துக்கு ஆளாவாராயின், அவர் அருகே சென்று நிற்போம். அந்த இரவில் கௌரா தேவியும் தனியே நிற்கவில்லை. இருபத்தேழு பேர் உடனிருந்தனர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

இல்லத்தில் பெரியோரும் சிறுவரும் சேர்ந்தமர்ந்து இவற்றை ஆராய்க.

1. அங்கு மரத்தை உழவர்க்கு மறுத்து, நிறுவனத்துக்குக் கொடுத்ததில் உள்ள அநீதி யாது?

2. காட்டைப் பூங்காவாக்கிக் காத்ததில் நன்மை யாது? குறை யாது? இரண்டையும் ஒருங்கே பேணும் வழி உண்டா?

3. ரைணிப் பெண்கள் வழியை அடைத்தது அகிம்சையா? காரணம் கூறுக.

4. நம் ஊர் ஏரியைப் பற்றிய முடிவுகளைக் கடந்த பத்தாண்டுகளில் யார் எடுத்தனர்? நம்மிடம் கேட்டனரா? கேட்டபோது நாம் சென்றோமா?

நான்காம் வினாவுக்கு நாம் உண்மையாக விடை கூறுவோமாயின், ரைணி கற்பித்த பாடம் வீண்போகாது.